பழைய ராடர் முன்னால் வேலை: விமானக் கட்டுப்பாட்டாளராகப் போகலாமா?

கல்லடிப்பாலம்:
உயர்தரம் கணிதப் பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். விமானக் கட்டுப்பாட்டாளர் பயிலுநருக்கு ஆள் எடுக்கும்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. வீட்டில் சித்தப்பாதான் தடை. அவர் கொழும்பில் ஐடி துறையில் இருக்கிறார். "அமெரிக்காவிலேயே இன்னும் பிளொப்பி டிஸ்க்கில் ஓட்டுகிறார்கள், நியூவார்க்கில் ராடர் திரை இருண்டு போனது, இங்கே என்ன கதியோ? பழைய பெட்டி முன்னால் உட்கார்ந்து ஏதாவது நடந்தால் பழி உன் தலையில்தான்" என்கிறார்.

பழைய ராடரை வைத்து வேலை செய்வது உண்மையில் எப்படி இருக்கும்? இந்த வேலையில் இருந்தவர்கள், இருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மட்டக்களப்பில் நேரில் கேட்க எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

மொட்டைமாடி:
சித்தப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆரையம்பதியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சின்ன அன்டெனா ஒன்றைக் குழாயில் கட்டி, யூஎஸ்பி ரிசீவரோடு இணைத்து வைத்திருக்கிறேன். 1090 மெகாஹேர்ட்ஸில் விமானங்கள் தாமே அனுப்பும் ஏடிஎஸ்-பி தகவல் அப்படியே வந்து விழும். வங்காள விரிகுடாவுக்கு மேலே சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வருகிற விமானத்தின் பெயர், உயரம், வேகம், போகும் திசை எல்லாம் என் மடிக்கணினியில் தெரியும். செலவு ஒரு நல்ல கைபேசியின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

இப்படியிருக்க, கோடிக்கணக்கில் கொட்டி ஒரு பெரிய இரும்புத் தட்டைச் சுற்றவைத்துக்கொண்டு, அதுவும் பழசை, ஏன் கட்டி அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

பழுகாமத்தான்:
மகள், நான் இந்த வேலையில்தான் தலை நரைத்தவன். முதலில் இங்கே, மறுகா வளைகுடா நாடு ஒன்றில். எந்த விமான நிலையம் என்பது வேண்டாம், அங்கே இன்னும் பழக்கமானவர்கள் வேலை செய்கிறார்கள். இப்போது பழுகாமத்தில் தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு இருக்கிறேன்.

முதலில் ராடர் இரண்டு வகை என்பதைப் பிடித்துக்கொள். முதன்மை ராடர் என்பது கிணற்றுக்குள் கத்திவிட்டு எதிரொலிக்குக் காதைக் கொடுப்பது மாதிரி. அலை போய் உலோகத்தில் பட்டுத் திரும்பும். திரையில் ஒரு புள்ளி வரும். அந்தப் புள்ளி யார், எந்த உயரத்தில் நிற்கிறது, ஒன்றும் தெரியாது. இரண்டாம்நிலை ராடர் 1030 மெகாஹேர்ட்ஸில் கேள்வி கேட்கும். விமானத்திலுள்ள டிரான்ஸ்பொண்டர் 1090-இல் பதில் சொல்லும். நாங்கள் கொடுத்த நான்கு இலக்க எண்ணையும் உயரத்தையும் அதுதான் அனுப்புகிறது. அந்த எண்ணில் 8, 9 வராது. 0 முதல் 7 வரைதான், அதனால் மொத்தம் 4096 எண்கள்.

நான் பழகிய காலத்தில் முதன்மை ராடர் மட்டும் வேலை செய்யும் நாட்களும் வரும். அப்போது புள்ளி யாருடையது என்று எப்படித் தெரியும்? விமானியிடம் "அடையாளத்துக்காக இடது பக்கம் முப்பது பாகை திரும்புங்கள்" என்று சொல்லுவோம். எந்தப் புள்ளி திரும்புகிறதோ அதுதான் அவர். பக்கத்தில் கடதாசி ஸ்ட்ரிப் வரிசை. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒன்று, அதில் உயரம், நேரம், கொடுத்த அனுமதி எல்லாம் பேனையால் எழுதுவோம். படம் திரையில் பாதி, ஸ்ட்ரிப்பில் பாதி. இரண்டையும் சேர்த்துத் தலைக்குள் ஓடவிட வேண்டும்.

ஆபத்தா என்று கேட்டாய். 1996 நவம்பர் 12-ஐப் படித்துப் பார். டில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் சவூதி ஜம்போவும் கஸகஸ்தான் சரக்கு விமானமும் ஆகாயத்தில் மோதி 349 பேர் செத்தார்கள். வந்துகொண்டிருந்த விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும், ஏறிக்கொண்டிருந்தது 14,000-இல். வந்தது 15,000-ஐத் தாண்டி இறங்கிவிட்டது. அன்று டில்லியில் கட்டுப்பாட்டாளர் முன்னால் இருந்தது முதன்மை ராடர் மட்டும். திரையில் இரண்டு புள்ளியும் நெருங்குவது தெரியும். அப்படித்தானே நெருங்க வேண்டும், இடையில் ஆயிரம் அடி இருக்கிறதே என்று நினைப்பான். உயரம் குறைந்தது திரையில் தெரிய வழியே இல்லை. சித்தப்பாவின் பயத்தில் உண்மை இருப்பது இந்த இடத்தில்தான்.

ஆனால் கருவி பழசு என்பதும் கருவிக்கு ஒரு கண் இல்லை என்பதும் வேறு வேறு. அதை யாராவது தொழில்நுட்ப ஆள் சொன்னால் நல்லது.

கரைவாகான்:
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். சாய்ந்தமருது. நான் கட்டுப்பாட்டாளர் அல்ல, அவர்களிடம் ஏச்சு வாங்குகிற பக்கம். ராடர் பராமரிப்பு, வெளிநாட்டில்தான்.

பழுகாமத்தான் ஐயா சொன்னதை நான் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பழைய ராடரில் அலையை உருவாக்குவது ஒரு பெரிய வெற்றிடக் குழாய். மக்னெட்ரோன் அல்லது கிளைஸ்ட்ரோன். உயர் மின்னழுத்தத்தில் ஓடும், சூடாக நேரம் எடுக்கும், அது போனால் ராடரே போயிற்று. புதியவற்றில் குறைகடத்தித் தொகுதிகள் பல சேர்ந்து அந்த வேலையைச் செய்யும். இரண்டு மூன்று செத்தாலும் எட்டும் தூரம் கொஞ்சம் குறையும், படம் நிற்காது. இதுதான் வித்தியாசம், மற்றதெல்லாம் திரையின் அழகு.

சரி, குழாய் போனால்? அதற்காகத்தான் ஏ சனல், பி சனல் என்று ஒரே மாதிரி இரண்டு கருவித் தொகுதி வைத்திருப்பார்கள். ஒன்று ஓட மற்றது தயாராக நிற்கும். காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் தயாரித்த நிறுவனம் உதிரிப்பாகம் செய்வதை நிறுத்திவிடும். நாங்கள் கேட்டுக் கடிதம் எழுதுவோம். கொள்வனவுக் குழு கூடும், விலைமனு கோரும், திரும்பக் கூடும். அதற்குள் ஏ சனலில் ஒரு அட்டை எரிந்துவிடும். என்ன செய்வது? பி சனலில் இருந்து கழற்றிப் போடுவோம். அப்புறம் இன்னொன்று. கடைசியில் பி சனல் வெறும் அலமாரி. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டு சனல் உள்ள ராடர், உண்மையில் ஒன்று. நான் வேலை செய்த ஒரு இடத்தில் பல மாதம் இப்படித்தான் ஓடியது. மேலிடத்துக்கு அறிக்கை போகும், பதில் வராது.

கடலோரத்தில் இன்னும் மோசம். உப்புக்காற்று அன்டெனாவின் இணைப்புகளைத் தின்னும். வேவ்கைட் என்கிற செவ்வகக் குழாய்க்குள் உலர்ந்த காற்றை அழுத்தி வைக்க வேண்டும். ஈரம் புகுந்தால் உள்ளே பொறி பறக்கும். அந்த உலர்த்தி ஒரு சின்னச் சாமான், அது பழுதானால்தான் பெரிய சாமான் எரியும்.

அமெரிக்கா பற்றிச் சொன்னார்கள். அவர்களுடைய அரச கணக்காய்வு அலுவலகமே 2024-இல் அறிக்கை விட்டது: 138 வான்போக்குவரத்து முறைமைகளில் 51 தொடர்ந்து பேண முடியாத நிலை, 54 அந்த நிலைக்குப் போகக்கூடியவை. காரணம் வயது மட்டுமல்ல, உதிரிப்பாகமும் பணமும் இல்லாமல் போனதும்தான்.

மொட்டைமாடி:
நானா, நீங்கள் சொல்வதே என் பக்கம்தான் சாய்கிறது. சுழல்கிற தட்டு, கிளைஸ்ட்ரோன், உலர்த்தி எல்லாம் வேண்டாமே. விமானமே ஜிபிஎஸ்ஸில் தன் இடத்தைக் கண்டுபிடித்து நொடிக்கொரு தரம் சொல்கிறது. அமெரிக்கா 2020 ஜனவரி 1 முதல் பெரும்பாலான வான்வெளியில் ஏடிஎஸ்-பி கட்டாயம் ஆக்கிவிட்டது. ராடரை அணைத்துவிடலாமே?

கரைவாகான்:
தம்பி, அமெரிக்கா ஏடிஎஸ்-பியைக் கட்டாயமாக்கியது, ராடரை முழுக்க அணைக்கவில்லை. ஏன் என்று யோசியுங்கள். உங்கள் அன்டெனாவுக்கு வருவது விமானம் தன்னைப் பற்றிச் சொல்கிற சொல் மட்டும். ஜிபிஎஸ்ஸை யாராவது குழப்பினால் விமானம் தான் இல்லாத இடத்தை நம்பிச் சொல்லும், நீங்களும் நம்புவீர்கள். கிழக்கு மத்தியதரைக் கடல், பால்டிக் பக்கமெல்லாம் இப்போது இது அன்றாடக் கதை. முதன்மை ராடர் யாருடைய சொல்லையும் கேட்காது. டிரான்ஸ்பொண்டரை அணைத்த விமானமும் அதில் புள்ளியாக விழும். அதனால்தான் விமானப்படைகள் அதைக் கைவிடுவதே இல்லை.

மொட்டைமாடி:
சரி, அது ஒத்துக்கொள்ளக்கூடிய வாதம். ஆனாலும் எல்லாச் சிறிய நாடும் இரண்டையும் வாங்க வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். சமுத்திரத்துக்கு மேல் ராடர் எட்டாது, அங்கே என் கட்சிதான் வெல்லும்.

வாழைச்சேனை_எஞ்சின்:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். பலநாள் படகு எஞ்சின் வேலை எனக்கு. எங்கள் படகு ஒன்றில் பழைய ராடர் இருக்கிறது. மாரியில் மழை இறங்கினால் திரை முழுக்க வெள்ளை. பக்கத்துப் படகு எது, மழை எது என்றே தெரியாது. விமான ராடரிலும் இதே கூத்தா?

கரைவாகான்:
அதே கூத்துத்தான், ஆனால் வைத்தியம் இருக்கிறது. மழைத்துளி கிட்டத்தட்ட உருண்டை. அலையை வட்டமாகச் சுழல விட்டால் உருண்டையில் பட்டு வருவது எதிர்ப்பக்கம் சுழன்று திரும்பும், அன்டெனா அதை ஏற்காது. விமானம் கோணல்மாணலான உருவம், அதிலிருந்து வருவதில் ஒரு பகுதி உள்ளே வரும். மழையும் குறையும், விமானத்தின் புள்ளியும் கொஞ்சம் மங்கும். ஆகவே கொன்ட்ரோலர் கேட்டால்தான் போடுவோம். உங்கள் படகு ராடரில் 'ரெயின்' என்று ஒரு குமிழ் இருக்குமே, அது வேறு வழி, அதையும் அளவோடு திருகுங்கள். கூடத் திருகினால் படகும் அழிந்துவிடும்.

பழுகாமத்தான்:
வாழைச்சேனைத் தம்பி கேட்டது நல்ல கேள்வி. மழை மட்டுமில்லை. வளைகுடாவில் கோடையில் கடலுக்கு மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கும். ராடர் அலை நேராகப் போகாமல் கடலோடு வளைந்து போய், தொடுவானத்துக்கு அப்பாலுள்ள கப்பலையும் எதிர்க்கரையையும் திரையில் கொண்டுவந்து போடும். நகராததை அழிக்க ஒரு மின்சுற்று இருக்கும், கரை அழிந்துவிடும். கப்பல் மெதுவாக நகருமே, அது சிலவேளை தப்பி நிற்கும். அந்த மின்சுற்றுக்கு இன்னொரு குணம்: ராடரைச் சுற்றி வட்டமாகத் திரும்புகிற விமானம் கிட்டவும் வராது, விலகியும் போகாது. அதையும் நகராதது என்று நினைத்து, அன்டெனா சில தரம் சுற்றும் வரை அழித்துவிடும். புதிதாக வந்த பையன் பதறுவான். நாங்கள் "பொறு, திரும்பி முடிய வரும்" என்போம். வரும்.

இரண்டாம்நிலை ராடரின் பழைய வகையிலும் இப்படித்தான். ஒரு பதில் 20 மைக்ரோ செக்கன் நீளம், தூரத்தில் கணக்குப் பார்த்தால் மூன்று கிலோமீற்றர். ஒரே திசையில் அதைவிடக் கிட்ட, மேலும் கீழுமாக இரண்டு விமானம் போனால் இரண்டு பதிலும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, இல்லாத எண்ணும் இல்லாத உயரமும் திரையில் வரும். ஓடுபாதைக்கு மேல் அடுக்கி வட்டமடிக்க வைத்திருக்கும்போது, எங்களுக்கு அதிகம் தேவைப்படுகிற அந்த நேரத்தில்தான் இது வரும். அப்போது திரையை விட்டு ஸ்ட்ரிப்பைப் பார்ப்போம், வானொலியில் உயரம் கேட்போம். ஹங்கர் என்கிற பெரிய விமானக் கொட்டகையின் கூரையில் பட்டுத் தெறித்து வருகிற பொய் விமானமும் உண்டு. எந்தத் திசையில், எந்தத் தூரத்தில் அது வரும் என்று எங்களுக்கு மனப்பாடம்.

இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இந்த அறிவெல்லாம் ஒரு கையேட்டிலும் முழுமையாக இருக்காது. பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து கற்பது. அந்த ஆட்கள் ஓய்வு பெறும்போது அதுவும் போய்விடும். பழைய ராடரை வைத்திருக்கிற நிர்வாகம் அந்த ஆட்களையும் வைத்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் ராடரை மட்டும் வைத்திருப்பார்கள்.

நிலா_வந்தாறுமூலை:
இயற்பியல் மாணவி. ஒரு கேள்வி. ராடர் நேர்கோட்டில்தான் பார்க்கும் என்றால் எங்கள் பக்கத்தை எங்கிருந்து பார்க்கிறார்கள்? கட்டுநாயக்கவில் இருந்து பார்த்தால் நடுவில் மலைநாடு இருக்கிறதே.

கரைவாகான்:
நல்ல கணக்கு, போட்டே பார்க்கலாம். உயரத்தை அடியில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 1.23-ஆல் பெருக்கினால் ராடர் தொடுவானம் கடல் மைலில் வரும். கட்டுநாயக்கவில் இருந்து மட்டக்களப்பு ஏறக்குறைய 110 கடல் மைல். மலையை மறந்துவிட்டாலும், பூமியின் வளைவு ஒன்றே போதும், அங்கே கடல்மட்டத்தில் இருக்கிற ராடருக்கு மட்டக்களப்புக்கு மேல் 8,000 அடிக்குக் கீழே எதுவும் தெரியாது. இப்போது பீதுருதாலகாலைக்கு ஏறுங்கள். 2,524 மீற்றர், அதாவது 8,281 அடி. வர்க்கமூலம் 91. தொடுவானம் 112 கடல் மைல். மட்டக்களப்பு அங்கிருந்து 70-க்கும் உள்ளேதான். இடையிலுள்ள குன்றுகளின் நிழலைக் கழித்தால் தாழப் பறப்பதும் தெரியும். நாட்டின் மிக உயர்ந்த மலையில் ராடர் நிலையம் இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பழுகாமத்தான்:
இதோடு ஒன்று சேர்க்கிறேன். நம்ம மட்டக்களப்பு விமான நிலையம் 2018 மார்ச்சில் மறுபடி சிவில் பாவனைக்கு வந்தது. செஸ்னா மாதிரிச் சிறு விமானங்கள் வாவிக்கு மேலால் இறங்குவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இந்த அளவு நிலையத்தின் டவரில் முதல் கருவி கண். அடுத்தது தொலைநோக்கி, வானொலி. வானொலி செத்தால் விளக்குத் துப்பாக்கி: அணையாத பச்சையைக் காட்டினால் இறங்கலாம். ராடரை விடப் பழசு இது, இன்றைக்கும் உலகம் முழுக்க டவர்களில் தொங்குகிறது. இதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

கல்லடிப்பாலம்:
ஐயா, நானா, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. நன்றி. ஆனால் சித்தப்பாவின் பெரிய கேள்வி இன்னும் நிற்கிறது. வேலை நடக்கும்போது திரை இருண்டால் என்ன செய்வீர்கள்?

பழுகாமத்தான்:
வயிறு ஒரு முறை புரளும். மறுகா கை தானாக ஸ்ட்ரிப்புக்குப் போகும்.

ராடர் இருந்தால் வழியில் இரண்டு விமானத்துக்கு இடையில் ஐந்து கடல் மைல் போதும், விமான நிலையத்துக்கு அருகே மூன்று. ராடர் இல்லையென்றால் ஒரே பாதையில் ஒரே உயரத்தில் போகிறவர்களுக்கு இடையில் பத்து நிமிடம், சில இடத்தில் பதினைந்து. நிமிடத்துக்கு எட்டு மைல் போகிற ஜெட்டுக்குப் பத்து நிமிடம் என்றால் எண்பது மைல். ஐந்திலிருந்து எண்பதுக்கு ஒரே நொடியில் இழுக்க முடியாது. அதனால் முதலில் தொடுவது உயரத்தை. ஆளுக்கு ஆயிரம் அடி பிரித்துவிடுவோம். புறப்பட நிற்கிறவர்களை நிறுத்துவோம், பக்கத்து நிலையத்துக்குத் தொலைபேசியில் "இனி அனுப்பாதே" என்போம். ஒவ்வொரு விமானியிடமும் இடமும் உயரமும் கேட்டு எழுதுவோம். நெரிசல் இல்லாத நேரமென்றால் பயணிக்குத் தெரியவே தெரியாது.

நியூவார்க் கதையில் கவனிக்க வேண்டியது வேறு. 2025 ஏப்ரல் 28-இல் நியூவார்க்குக்கு வரும் விமானங்களை நடத்துகிற பிலடெல்பியா நிலையத்தில் ஏறத்தாழ 90 செக்கன் ராடரும் இல்லை, வானொலியும் இல்லை. ராடர் மட்டும் போனால் சமாளிக்கலாம். பேசவும் முடியாவிட்டால் என்ன செய்வது? பழைய செப்புக் கம்பி இணைப்பு அங்கே குற்றவாளி, ராடர் அன்டெனா அல்ல. அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் சிலர் அதிர்ச்சிக்கு விடுப்பில் போனார்கள். போகாமல் எப்படி.

புதுக் கருவி இருந்தால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு ஊபர்லிங்கன். 2002 ஜூலை 1 இரவு அங்கே இரண்டு விமானம் ஆகாயத்தில் மோதின. ஜெர்மனி வான்பரப்பு, நடத்தியது சூரிச். ஏழை நாடு இல்லை. அன்றிரவு பராமரிப்புக்காக ராடர் முறைமையைக் குறைந்த நிலையில் ஓடவிட்டிருந்தார்கள். மோதல் எச்சரிக்கை திரையில் வராது. தொலைபேசியும் வேலை செய்யவில்லை. பக்கத்து நாட்டு நிலையத்தில் இருந்தவர்கள் இரண்டு விமானமும் நெருங்குவதைப் பார்த்துக்கொண்டு எண்ணை அடித்து அடித்துப் பார்த்தார்கள், இணைப்புக் கிடைக்கவில்லை. ஒரே ஆள் இரண்டு இருக்கைக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தான். செத்தது 71 பேர், அதில் பாதிக்கு மேல் பிள்ளைகள். என்னிடம் பயில வந்தவர்களுக்கு முதல் வாரமே இதைச் சொல்லிவிடுவேன். கதிரையில் உட்காரும்போது முதல் கேள்வி "இன்றைக்கு என்ன ஓடவில்லை?" என்பதாக இருக்க வேண்டும். பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் பொறுப்பு எடுக்காதே.

மொட்டைமாடி:
ஐயா, இதை வாசித்த பிறகு என் மொட்டைமாடி ரிசீவர் ஓடாத நேரத்தையும் குறித்து வைக்க வேண்டும் போலிருக்கிறது. 2025 நவம்பரில் டில்லியில் செய்தி பரிமாறும் கணினி முறைமை நின்றபோதும் இதே கதைதானே? ராடர் நன்றாக இருந்தது, பறப்புத் திட்டங்களைக் கையால் எடுக்க வேண்டி வந்து நூற்றுக்கணக்கான விமானம் தாமதம்.

பழுகாமத்தான்:
ஆம். கையால் எடுக்கத் தெரிந்த ஆட்கள் இருந்ததால் தாமதத்தோடு நின்றது.

கல்லடிப்பாலம்:
கடைசியாக இரண்டு. கண்ணாடி போடுகிறவள் நான், அது தடையா? பெண்களுக்கு இரவு வேலை எப்படி?

பழுகாமத்தான்:
கண்ணாடி தடையில்லை, போட்டுக்கொண்டு பார்வை சரியாக வந்தால் போதும். மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்று என்பார்கள். நிறம் பிரித்தறிவதையும் காதையும் பார்ப்பார்கள். உரிமம் கையில் வர 21 வயது ஆகியிருக்க வேண்டும், பயிற்சியை அதற்கு முன்பே தொடங்கலாம். ஆங்கிலத்தில் சர்வதேச அளவுகோலில் நான்காம் நிலை கட்டாயம். அது இலக்கண ஆங்கிலம் இல்லை. இரைச்சலில் கொரியனும் ரஷ்யனும் பேசுவது காதில் பிடிபட வேண்டும். விமானிகள் பேசுகிற வானொலியைக் கேட்டுப் பழகு.

இரவு வேலை எல்லோருக்கும் உண்டு, முறை வைத்து வரும். என்னோடு வேலை செய்த பெண்கள் சிலர் நெரிசல் நேரத்தில் என்னைவிட நிதானமாக இருந்தார்கள். வீட்டார் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்களா என்பதுதான் பிற்காலத்தில் அவர்களுக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது, ராடர் இல்லை.

விளம்பரம் வந்தால் கல்வித் தகுதியை வரிக்கு வரி வாசி. நேர்முகத்தில் உனக்குக் கேள்வி கேட்கச் சந்தர்ப்பம் தந்தால், மாற்று சனலைக் கடைசியாக எப்போது ஓட்டிப் பார்த்தார்கள் என்று கேள்.

கரைவாகான்:
அதைக் கேட்டால் என்னைப் போன்ற ஒருவன் பின்வரிசையில் இருந்து கைதட்டுவான். சித்தப்பாவையும் இங்கே கூட்டி வாருங்கள் தங்கச்சி, பிளொப்பி டிஸ்க் பற்றி அவரோடு தனியாக ஒரு சண்டை இருக்கிறது.